அதே ஜோக், வேறு மண்டபம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளி விருந்தோடு சேர்த்து ஒரு நகைச்சுவை இரவு நடத்தப்போகும் இளைஞர் குழுவின் கேள்வி இது: "மற்ற இனத்துக்காரர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ‘ஐயோயோ’ என்று தலையை ஆட்டினால் நமக்குக் கொதிக்கிறது. நம் ஆள் மேடையில் சீனக் கடை முதலாளி, அதாவது தவுக்கே, மாதிரி பேசிக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படியா? எங்கள் நான்கு பேரின் வசனங்களையும் எப்படிச் சரிபார்ப்பது?"

இரண்டு படி இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் காட்டும் இடத்தில் இருப்பது பாதி. மீதி நம் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. தவுக்கே ஜோக்கைவிட மோசமான சரக்கு நம் மேடைகளில் ஓடுகிறது, அதை யாரும் இனக் கிண்டல் என்று கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு வருகிறேன்.

இந்த விவாதத்தில் வழக்கமாக இரண்டு குறுக்குவழிகள் சொல்வார்கள். ஒன்று, ‘இனத்தை மாற்றிப் போட்டுப் பார், அப்போதும் சிரிப்பு வந்தால் சரி’ என்பது. தராசின் இரண்டு தட்டும் ஏற்கெனவே சமமாக நின்றால் இது வேலை செய்யும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) 69.4 விழுக்காடு, சீனர் 23.2, இந்தியர் 6.7. எண்ணிக்கையைவிட முக்கியம், ஜோக் முடிந்த பிறகு அது எங்கே போகிறது என்பது. ‘தவுக்கே கஞ்சன்’ என்று கேட்டுச் சிரித்தவர்கள் மறுநாள் அவர் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். ‘இந்தியன் என்றால் தண்ணி, அடிதடி’ என்ற ஜோக் மேடையை விட்டு இறங்கி, திங்கட்கிழமை ஈப்போவில் வாடகைக்கு அறை தேடும் பையனுக்கு முன்னால் போய் நிற்கும். இந்தியருக்கு இல்லை என்று கூச்சமில்லாமல் போடும் வாடகை விளம்பரங்களைப் பார்க்காதவர் இந்த நாட்டில் யார்? ஒரே அளவு கல்தான், ஆனால் ஒருவர் தலையில் ஏற்கெனவே கட்டுப் போட்டிருக்கிறது.

இரண்டாவது குறுக்குவழி, ‘சிறுபான்மையினர் எதையும் சொல்லலாம்’ என்பது. இது முதலாவதைவிட ஆபத்து, ஏனென்றால் நமக்கு வசதியானது. சிறுபான்மை என்பது அடையாள அட்டையில் அச்சடித்து வருவதில்லை, மண்டபத்துக்கு மண்டபம் மாறும். கோலாலம்பூர் கிளப்பில் ஐம்பது பேருக்கு நடுவே நான்கு தமிழர் இருக்கலாம். உங்கள் மண்டபத்தில் முந்நூறு பேர் என்று வையுங்கள், சிறுபான்மை யார்? இரண்டு மேசை சீன நண்பர்கள், கம்பத்திலிருந்து வந்த மலாய்க் குடும்பங்கள், வாசலில் காடிகளை நிறுத்தச் சொல்லும் நேப்பாளக் காவலாளி, பின்பக்கம் மங்கு கழுவும் பங்களாதேஷ் தொழிலாளி. அன்றிரவு அங்கே பெரும்பான்மை நீங்கள்தான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காக வைக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலைப் பேராசிரியர் தம் உரையில் மறுபடி இரண்டாக்குகிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. மேடை ஏறுகிறவருக்கு இதைவிட உதவும் பிரிவு வேறு கிடையாது. எந்தப் பக்கம் நின்று சிரிக்க வைக்கிறீர்கள் என்பதை அது கேட்கிறது. (மற்ற மூன்றும் நம் மேடைகளில் பட்டினி கிடக்கின்றன, எள்ளல் மட்டும் கொழுத்துவிட்டது என்பது தனி வருத்தம்.)

இரட்டை அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்பதை அண்டை வீட்டில் தெளிவாகப் பார்க்கலாம். 2019 ஜூலையில் சிங்கப்பூரில் மின்னணு முறையில் பணம் செலுத்துவதற்கான ஒரு விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவரே நான்கு வேடம் போட்டார். அதில் ஒன்று தோலைப் பழுப்பாக்கி, கழுத்தட்டையில் ‘கே. முத்துசாமி’ என்று பெயர் மாட்டிய இந்தியர். பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்ற உடன்பிறப்புகள் அதை எதிர்த்து, கெட்ட வார்த்தைகளோடு சீனரைச் சாடி ஒரு ராப் காணொளி போட்டார்கள். விளம்பரம் ரசனைக் குறைவு, சட்டமீறல் இல்லை என்று முடிந்தது. காணொளி போட்டவர்களுக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை. ராப்பில் இருந்த வசை தேவையா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கவனிக்க வேண்டியது இது: அமைதியாக, சிரித்த முகத்தோடு செய்யப்பட்ட அவமதிப்பு ‘ரசனை’ கணக்கில் போனது, கோபமாகச் சொல்லப்பட்ட எதிர்ப்பு ‘இன நல்லிணக்க’க் கணக்கில் போனது. சத்தத்தை வைத்து அளக்கும் எந்த அமைப்பிலும் இப்படித்தான் ஆகும்.

தன் இனத்தைத் தானே கிண்டலடிப்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல், கறுப்பினத்தவர், கறுப்புச் சாயம் பூசிய குட்டிப் பூதமாக ஒரு காட்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, படப்பிடிப்பிலிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் அவரை உறுத்தியது. 2005-இல் அவர் தன் நிகழ்ச்சியையே விட்டு வெளியேறினார். அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று மறுவருடம் தொலைக்காட்சியில் சொன்னார். அவர் கேலி செய்தது இனவெறியை. எதிரே இருந்தவர் சிரித்தது கறுப்பரைப் பார்த்து. எழுத்துப் பிரதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தாமஸ் ஃபோர்ட், மார்க் ஃபெர்குசன் என்ற உளவியலாளர்கள் 2004-இல் எழுதியதும் இதை ஒட்டியதே: இழிவுபடுத்தும் ஜோக் எல்லாரையும் இனவெறியராக்காது, ஏற்கெனவே உள்ளே வைத்திருப்பவருக்கு ‘இங்கே இது பரவாயில்லை’ என்று பச்சை விளக்குக் காட்டும்.

சரி, நம் கொல்லைப்புறம்.

2017-இல் இங்கே ஒரு கடைச் சங்கிலியின் நோன்புப் பெருநாள் விளம்பரத்தில் ஒரு பெண்ணுக்குக் கறுப்பு பூசி, அது கழுவப்பட்டதும் அவள் அழகியாவதாகக் காட்டினார்கள். எதிர்ப்பு வந்தது, மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். நல்லது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2007-இல், ‘சிவாஜி’ படத்தில் இரண்டு பெண்களைக் கறுப்பாக்கி, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்தார்கள்; நாயகன் வெள்ளையாவதற்குப் படும் பாடு தனி நகைச்சுவை. தமிழ் ஆர்வலர்கள் சிலர் பெயருக்காக வருந்தினார்கள். சாயத்துக்காக வருந்தியவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் படத்துக்கு மலேசியத் திரையரங்குகளில் வரிசையில் நின்றவர்களும் நாம்தான், 2017-இல் கொதித்தவர்களும் நாம்தான். விளக்கை அணைத்தால் பல் மட்டும் தெரியும் என்ற ஜோக்கை மலாய்க் கலைஞர் சொன்னால் போலீஸ் புகார். கோயில் திருவிழா மேடையில் நம் குழுவின் கறுத்த பையனைப் பார்த்து நாமே சொன்னால் கைதட்டல். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஜோக்.

சாதி இன்னும் சங்கடம். 1971-இல் வெளியான ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் 2011-இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, அதில் இந்தியத் தொழிலாளரைக் குறிக்க வந்த ‘பாரியா’ (பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது) என்ற சொல்லை எதிர்த்துச் சமூகம் திரண்டது. அந்த ஆண்டு இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. மலாயில் தெருநாய்க்கு அடைமொழியாகப் போடும் சொல் அது, எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைய பேச்சுகளில் ‘எல்லாரையும் அந்தச் சாதி என்று சொல்லிவிட்டார்களே’ என்ற தொனியும் கலந்திருந்தது. அப்படியென்றால் அந்தச் சாதியில் பிறந்தவரைச் சொன்னால் சரியா? அந்தக் கேள்வியை அப்போது உரக்கக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்றும் மேடையில் ‘பற’ என்று தொடங்கும் வசை சிரிப்புக்காக விழுகிறது. பிரதியில் அது இருந்தால் அடித்துவிடுங்கள், விவாதமே வேண்டாம்.

மூன்றாவது, பங்களாதேஷ்காரர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தீம்பாரில் இன்று குலை வெட்டுவதும் லோரியில் ஏற்றுவதும் பெரும்பாலும் இந்தோனேசியர், பங்களாதேஷ்காரர், நேப்பாளியர். அவர்களுடைய மலாய் உச்சரிப்பு, அவர்கள் குளிப்பதில்லை என்பது, நம் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது: தமிழ் நகைச்சுவையில் இது நிரந்தரப் பண்டம். வெள்ளைக்காரத் துரையும் கிராணியும் நம் பாட்டன்மாரைப் பற்றிச் சொன்ன பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வரிகூட மாறியிருக்காது. தோட்டத்தில் ஒருகாலத்தில் சிரிப்பு மேல்நோக்கிப் போனது. துரையின் தமிழ், கிராணியின் மிடுக்கு, கங்காணியின் கணக்கு ஆகியவற்றை லயத்து வாசலில் உட்கார்ந்து கிழித்தார்கள். இப்போது அது கீழ்நோக்கிப் பாய்கிறது. கீழே ஆள் இருக்கிறார் என்பதே காரணம்.

இனி உங்கள் பிரதி. ஒருவருக்கு ஏழு நிமிடம் என்றால் சிரிப்புக்கான இடைவெளியும் சேர்த்து அறுநூறு சொல் போதும், அதை அச்சடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படித்தால் இந்த வேலை நடக்காது. ஒவ்வொரு ஜோக்குக்கும் பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இதற்குச் சிரிக்க வேண்டுமானால் கேட்பவர் எதை நம்ப வேண்டும்? ‘சீனன் காசுக்காக எதையும் செய்வான்’ என்று வந்தால் அந்த ஜோக் ஓடுவது உங்கள் பெட்ரோலில் இல்லை, பழைய வதந்தியின் பெட்ரோலில். ‘கடனுக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாது’ என்று வந்தால் அது உங்கள் சொந்தச் சரக்கு.

உதாரணத்துக்குத் தவுக்கே ஜோக்கையே எடுப்போம். வழக்கமான வடிவத்தில் அவர் உடைந்த மலாயில் நீட்டி நீட்டிக் காசு கேட்பார், நம் ஆள் ஓடுவார், முடிந்தது. உச்சரிப்பை எடுத்துவிட்டு உங்கள் சாதாரணக் குரலில் அதையே சொல்லிப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் அங்கே ஜோக்கே இல்லை, குரல் மட்டும் இருந்தது. ஆனால் அந்தக் கடையில் கடன் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டு இருக்கிறது. அதைத் திறங்கள்: "தவுக்கே கடை 555-ல் என் தாத்தா வாங்கின மண்ணெண்ணெய் இருக்கு. அதுக்குக் கீழ அப்பாவோட சைக்கிள் டயர். அதுக்குக் கீழ என் போன் கவர். தவுக்கேக்கிட்ட காசைக் கட்டி முடிச்சிடுறேன்னு சொன்னேன். அவர் சொல்றார், வேணாம், இந்த நோட்டு இல்லைன்னா என் பேரனுக்கு உங்க குடும்பத்தைத் தெரியாமப் போயிடும்." எந்த உச்சரிப்பும் தேவையில்லை. சீன மேசையிலிருந்துதான் முதல் சிரிப்பு வரும். அவர்கள் வீட்டு இழுப்பறையிலும் அந்த நோட்டு இருந்திருக்கிறது.

உச்சரிப்பே கூடாதா என்றால், அப்படியில்லை. ஒரு பாத்திரத்தின் குரலாக வரலாம், ஒரு வரி, இரண்டு வரி. அந்தப் பாத்திரம் முட்டாளாக மட்டும் இருக்கக் கூடாது. காட்சியில் ஒரு தடவையாவது உங்களை ஜெயிக்க வேண்டும். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் கடைக்காரர் ஆப்புவுக்கு முப்பது வருடம் போல குரல் கொடுத்த ஹாங்க் அஸாரியா 2020 ஜனவரியில் இனிச் செய்யமாட்டேன் என்று விலகினார். அந்தப் பாத்திரம் புத்திசாலி, நல்லவர்கூட. இருந்தும் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளைச் சீண்டப் பயன்பட்டது அந்தக் குரல் மட்டும்தான். குரல் பாத்திரத்தை விட்டுப் பிரிந்து தனியாக ஊருக்குள் போய்விடும்.

திசையைத் திருப்புவது எப்படி என்பதற்கு நல்ல பாடம், பிரிட்டன்வாழ் தெற்காசியக் கலைஞர்கள் 1998-இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ நகைச்சுவைத் தொடர். குடித்துவிட்டு இந்திய உணவகத்தில் கலாட்டா செய்து, இருப்பதிலேயே காரமானதைக் கேட்கும் வெள்ளைக்காரரை அவர்கள் நேரடியாகத் திட்டவில்லை. பம்பாயில் ஒரு கும்பல் ‘இங்கிலீஷ்’ சாப்பிடப் போய், இருப்பதிலேயே சப்பென்றதைக் கேட்டு, பரிமாறுபவரின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்வதாக எழுதினார்கள். நடத்தையை எடுத்துக்கொண்டார்கள், தோலை விட்டுவிட்டார்கள். அதே உத்தி உங்கள் பங்களாதேஷ் ஜோக்குக்கும் உதவும். "பங்களாதேஷ்காரன் நம்ம பழைய லயத்துல இருக்கான். அதே தகரம், அதே கக்கூஸ், அதே திட்டு. ஒரே வித்தியாசம், இப்ப திட்டுறது நாம. பதவி உயர்வு கிடைச்சிடுச்சு!" இதற்குச் சிரிப்பு அரை விநாடி தாமதித்துத்தான் வரும். பயந்துபோய் உடனே அடுத்த வரிக்குத் தாவினால் ஜோக் செத்துவிடும்; வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

கடைசிச் சோதனை, ஒத்திகையில்: யாரைப் பற்றிய ஜோக்கோ, அதை அவருக்குப் புரியும் மொழியில் ஒரு தடவை சொல்லுங்கள். நம் ஊரில் அது மலாய். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் ஒரு ஜோக் நிற்கிறது என்றால் அது புறணி, அதற்கு மைக் தேவையில்லை.

கறுப்புச் சாயம், பழுப்புச் சாயம், கண்ணை இழுத்து ஒட்டுவது எதுவும் வேண்டாம், உள்ளாளாக இருந்தாலும். ஒரு தொப்பி, கையில் ஒரு 555 போதும். இந்தியரைக் குறிக்கும் ‘கெலிங்’ என்ற சொல் சிக்கலானது. கலிங்கத்திலிருந்து வந்தது, மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசல், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று பெயர்களில் மரியாதையாகவே நிற்கிறது. பேச்சில் வசையாகிவிட்டது. நாமே சொல்லலாமா? தமிழர் மட்டும் இருக்கும் அறையில் அது ஒரு பொருள் தரும், வெட்டிப் பகிரப்பட்ட காணொளியில் வேறு பொருள் தரும். எனக்குத் தெரிந்தவரை அதைச் சொல்லிக் கிடைக்கும் சிரிப்பு, பிறகு வரும் தலைவலிக்கு ஈடாகாது. ‘மச்சா’வை இன்று எல்லா இனமும் சொல்கிறது, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. சமயம், அரசர் பக்கமே போகாதீர்கள்.

மனம் புண்படுவதில் பாதி ஒலிபெருக்கியால் வருகிறது என்றால் நம்பமாட்டீர்கள். தகரக் கூரைப் பொது மண்டபத்தில் எதிரொலி முன்னுரையைத் தின்றுவிடும். உரக்கச் சொல்லும் இனப் பெயர் மட்டும் பின்வரிசைக்குப் போய்ச் சேரும். மேடைக்கு இரண்டு பெட்டி, மண்டபத்தின் பாதியில் சத்தம் குறைத்த இன்னும் இரண்டு. பெட்டிகள் மைக்குக்கு முன்னால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கூவும். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். நகைச்சுவை நடக்கும்போது பந்தி நடக்கக் கூடாது. பிரமுகர் பாதியில் வந்தால் அறிவிப்பாளர் ஜோக்கின் நடுவே வரவேற்புரை வாசிக்கக் கூடாது. முன்னுரையைக் கேட்காமல் முடிவை மட்டும் கேட்பவர்தான் முதலில் எழுந்து போவார்.

காணொளிக்கும் இதே கணக்கு. முன்னுரையும் முடிவும் பதினைந்து விநாடிக்குள் ஒட்டியிருக்கும்படி எழுதினால் வெட்டுவது கடினம். முழு நிகழ்ச்சியையும் அசையாத ஒரு கேமராவில் இடைவெளியின்றிப் பதிந்து இரண்டு இடத்தில் வையுங்கள். பதிவேற்றுவது வேறு விஷயம், சட்டம் அங்கேதான் கடிக்கும். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு முன்பு 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை அல்லது இரண்டும் என்றிருந்தது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 500,000 ரிங்கிட், இரண்டாண்டு என்று உயர்த்தியது. ‘புண்படுத்தும்’ என்பது ‘கடுமையாகப் புண்படுத்தும்’ என்றானது. அந்த ‘கடுமை’யை யார் அளப்பது என்பதில்தான் பழைய இரண்டு படி மறுபடி உள்ளே வருகிறது. 2022-இல் கோலாலம்பூரில் ஒரு நகைச்சுவைக் கிளப்பின் திறந்த மேடையில் வெளியாள் ஒருவர் செய்த ஒரு செயலுக்காகக் கிளப்பின் உரிமமே போனது. கிளப் நடத்தியவர், தன் கலப்பினப் பிறப்பை வைத்துச் சொன்ன ஜோக்குகளின் காணொளிகளுக்காக 233-இன்கீழ் நீதிமன்றம் ஏறினார். ஆகவே யாரையும் ‘வா, வந்து ஒரு ஜோக் சொல்லு’ என்று கூட்டத்திலிருந்து மேடைக்கு அழைக்காதீர்கள். நகராண்மைக் கழகத்தின் கேளிக்கை உரிமம், மாவட்டப் போலீஸுக்குத் தகவல் இரண்டையும் எழுத்தில் முடியுங்கள். இந்தியாவிலிருந்து கலைஞர் வந்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதி தனி.

புகார் வந்தால் முதலில் யார் சொல்கிறார் என்று பாருங்கள். மண்டபத்தில் இருந்து நொந்தவர், இன்னொருவருக்காகக் கோபப்படுகிறவர், முப்பது விநாடித் துண்டை மட்டும் பார்த்தவர் என மூன்று வகை உண்டு. முதல் வகைக்கு நேரில் போங்கள், அன்றைக்கே. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ‘இன்ன வரியை இன்னாரைப் பற்றிச் சொன்னோம், அது தவறு’ என்று சொல்லுங்கள். தவறில்லை என்று நீங்கள் உண்மையிலேயே நினைத்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள், விளக்கம் மட்டும் சொல்லுங்கள். அரைகுறை மன்னிப்பு இரண்டு தரப்பையும் கோபப்படுத்தும். மூன்றாம் வகைக்கு முழுக் காணொளியைக் காட்டலாம், பின்னூட்டத்தில் சண்டை போட வேண்டாம். போலீஸ் புகார் என்பது குற்றச்சாட்டு அல்ல. வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவில், தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்க இடம் உண்டு. அதற்கு முன்னால் பயந்துபோய் எதையும் அழித்துவிடாதீர்கள், முழுப் பதிவுதான் உங்கள் சாட்சி.